வானில் கழிந்த பிரதோஷம்

இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் நிலத்தைச் சார்ந்ததா, அதைக் கடப்பவரைச் சார்ந்ததா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டுப் பழைய அளவை முறை வெளிப்படையான ஒரு விடையை வைத்திருந்தது. நாழிகை என்பது 24 நிமிடம் கொண்ட கால அளவு. நாழிகைவழி என்பது அந்த 24 நிமிடத்தில் ஒருவர் நடந்து கடக்கக்கூடிய, ஏறக்குறைய ஒன்றரை மைல் கொண்ட தூர அளவு. காலத்தை அளக்கும் சொல்லோடு 'வழி' சேர்ந்ததும் அது நிலத்தை அளக்கும் சொல்லாகிவிடுகிறது. நடப்பவருடைய கால் அந்த அளவுக்குள் சொல்லப்படாமலே அடங்கியிருக்கிறது. ஒளி ஓராண்டில் செல்லும் தொலைவை ஒளியாண்டு என்று வானியலார் வகுத்ததும் இதே முறைதான். நடப்பவர் மட்டும் மாறியிருக்கிறார்.

விமானம் இந்த உடன்படிக்கையைக் குலைத்துவிட்டது. நாமக்கல் மாவட்டம் இராசிபுரம் வட்டத்தில் உள்ள வெண்ணந்தூரிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் புறப்படும் ஒருவருக்கு, ஓமலூரை அடுத்த கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம் உள்நாட்டுப் பயணத்துக்கே பயன்படும் என்பதால், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரைக் கடந்து தேவனஹள்ளி விமான நிலையம் சேர ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ ஏறக்குறைய 14,000 கி.மீ.; அதைக் கடக்க 17 மணி நேரம் போதும். மொத்தத் தூரத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாத சாலைப் பகுதி, பறக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. 17 மணி நேரம் என்பது நாற்பத்திரண்டரை நாழிகை. அத்தனை நாழிகையும் நில்லாமல் நடந்தால் வெண்ணந்தூர்க்காரர் தருமபுரியை ஒட்டிச் சென்றிருப்பார். ஆகவே, எது தூரம், எது பக்கம் என்பதை இன்று நாழிகை தீர்மானிப்பதில்லை. யார், எதில் ஏறிச் செல்கிறார் என்பதே தீர்மானிக்கிறது.

14,000 கி.மீ. என்னும் எண்ணுக்கும் ஒரு விளக்கம் வேண்டியிருக்கிறது. உருண்டையான பூமியின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதை, பூமியின் மையத்தை மையமாகக் கொண்டு அவ்விரு புள்ளிகள் வழியாகவும் செல்லும் வட்டத்தின் ஒரு பகுதியாகும். அதைப் பெருவட்டம் என்பர். தட்டையான படத்தில் பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே கோடு இழுத்தால் அது பசிபிக் கடலின் மேலோ அட்லாண்டிக் கடலின் மேலோ செல்லும். உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அது வட துருவத்தை ஒட்டி ஏறி இறங்கும். காற்று, வானிலை, எந்த நாட்டின் வான்வெளியில் அனுமதி உண்டு என்பவற்றைப் பொறுத்து விமானம் உண்மையில் பறக்கும் பாதை அந்த நூலிலிருந்து விலகுகிறது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்த இரு நகரங்களுக்கும் இடையே இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோது நேர்த்தூரம் 13,993 கி.மீ. என்று ஒரு கணக்கும், பறந்த தூரம் சுமார் 16,000 கி.மீ. என்று இன்னொரு கணக்கும் செய்திகளில் வந்தன. முதலாவது பூமியைப் பற்றிய எண். இரண்டாவது ஒரு பயணத்தைப் பற்றிய எண். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கமே இங்கு எடுத்துக்கொண்ட கேள்விக்குத் திறவுகோல் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த முதற் பயணம், விமானிகள் அனைவரும் பெண்களாக இருந்ததாலும் வட துருவத்தின் மேலாகப் பறந்ததாலும் பேசப்பட்டது. சமயக் கண்ணோட்டத்தில் அதைவிடக் கவனிக்கத்தக்க ஒன்றைப் பற்றி யாரும் பேசவில்லை. விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 2021 ஜனவரி 9 சனிக்கிழமை இரவு எட்டரை மணியளவில் புறப்பட்டது; பெங்களூரில் இறங்கியது ஜனவரி 11 திங்கட்கிழமை விடியுமுன். இடைப்பட்ட ஜனவரி 10 ஞாயிற்றுக்கிழமையை அதில் இருந்தவர்கள் எந்த ஊரிலும் கழிக்கவில்லை. அந்த ஞாயிறு பிரதோஷ நாள்.

பிரதோஷம் என்பது திரயோதசித் திதியும் சூரியன் மறையும் வேளையும் ஒன்றுகூடும் பொழுது. சிவாலயங்களில் மாலை நாலரை முதல் ஆறு மணி வரை நந்திக்கு அபிஷேகமும் ஆராதனையும் நடப்பது அப்போதுதான். திதி என்பது சந்திரன் சூரியனிலிருந்து 12 பாகை விலகுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம். சந்திரன் ஒரே வேகத்தில் செல்வதில்லை என்பதால் ஒரு திதி சில சமயம் 19 மணி நேரத்தை ஒட்டியும் சில சமயம் 26 மணி நேரத்தைத் தாண்டியும் அமையும். அன்றைய தினம் இந்திய நேரப்படி மாலை ஐந்து மணிக்குச் சற்று முன் துவாதசி முடிந்து திரயோதசி பிறந்தது. விமானம் அப்போது புறப்பட்டு ஏழு மணி நேரமாகி, துருவத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜனவரியில் வட துருவம் ஓயாத இரவில் மூழ்கியிருக்கும். அதைக் கடந்து தெற்கே இறங்கியபோது ஆசியாவிலும் இருட்டிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் சனிக்கிழமை சூரியன் மறைந்த நொடியிலிருந்து பெங்களூரில் திங்கட்கிழமை சூரியன் உதித்த நொடி வரை கணக்கிட்டால், அந்தப் பயணிகளுக்கு வாய்த்த இரவின் நீளம் ஏறத்தாழ 24 மணி நேரம். பெங்களூரில் ஞாயிறு மாலை பிரதோஷம் நடந்தது. அவர்கள் விட்டுவந்த சான் பிரான்சிஸ்கோவிலும் ஞாயிறு மாலை சூரியன் மறையும்போது திரயோதசி இருந்ததால் அங்கும் பிரதோஷம் உண்டு. இரண்டு ஊருக்கும் உண்டு, இடையில் இருந்தவர்களுக்கு இல்லை. பிரதோஷ விரதம் தவறாத ஒருவர் அந்த விமானத்தில் இருந்திருந்தால், அவர் விரதத்தைத் தவறவிட்டவரா, விரதமே வாய்க்காதவரா?

இறைவன் எங்கும் நிறைந்தவன், மனத்தில் நினைத்தால் போதும் என்பது எளிய விடை; தவறான விடையும் அன்று. ஆனால் அது கேள்வியைத் தீர்க்கவில்லை, கடந்து செல்கிறது. எங்கும் எப்போதும் நினைக்கலாம் என்றால் பிரதோஷம் என்று ஒரு வேளையைத் தனியே வகுத்ததற்கே பொருள் இல்லாமல் போகும். வேளை வகுத்தவர்கள் ஏதோ ஒன்றை எண்ணியே வகுத்தார்கள் என்று கொண்டால், காலம் என்பதை அவர்கள் எவ்வாறு புரிந்துகொண்டார்கள் என்பதைப் பார்த்தாக வேண்டும்.

பொருள்களை வகைப்படுத்தி ஆராயும் வைசேடிக தரிசனம் ஒன்பது திரவியங்களுள் காலத்தையும் திசையையும் சேர்த்தது. முந்தியது, பிந்தியது, ஒருங்கே நிகழ்வது, தாமதம், விரைவு என்னும் அறிவுகள் தோன்றுவதற்குக் காரணமாக இருப்பது காலம். இதிலிருந்து இது இப்பக்கம் என்னும் அறிவுக்குக் காரணம் திசை. ஒவ்வொன்றும் ஒன்றேயானது, எங்கும் நிறைந்தது, அழியாதது. பகல், இரவு, மாதம் என்று காலம் பலவாகத் தோன்றுவது சூரியனின் இயக்கம் போன்ற உபாதிகளால். உபாதி என்பது, ஒரே வெளியைக் குடம் தனக்குள் அடைத்துக் குடவெளியாக்குவதுபோல, பிரிவற்ற ஒன்றைப் பிரிவுள்ளதாகக் காட்டும் வரம்பு. தூரத்துக்கு நியாய வைசேடிகர் தரும் விளக்கம் இன்னும் நுட்பமானது. பாடலிபுத்திரத்திலிருந்து காசியைவிடப் பிரயாகை தொலைவில் உள்ளது என்றால், இடையில் ஒன்றோடொன்று தொட்டு நிற்கும் சேர்க்கைகள் பிரயாகைக்கு அதிகம் என்பதே அதன் பொருள் என்பது அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. தூரம் என்பது அவர்கள் பார்வையில் வெறும் வெற்றிடம் அன்று, எண்ணிக்கை.

இந்தக் கருத்தை வெண்ணந்தூரில் யாருக்கும் விளக்க வேண்டிய அவசியம் இராது. கைத்தறியும் விசைத்தறியும் ஓடும் அவ்வூரில் துணியின் நீளம், பாவு இழைகளின் குறுக்கே விழும் ஊடை இழைகளின் எண்ணிக்கையாகவே வளர்கிறது. அங்குலத்துக்கு 60 ஊடை, 48 அங்குல அகலம், ஐந்தரை மீட்டர் நீளம் என்று ஒரு சேலைக்குக் கணக்கு வைத்துக்கொண்டால், தாரிலிருந்து நூலை இழுத்துக்கொண்டு நாடா பாவைக் கடந்து அங்குமிங்கும் ஓடும் தடவை ஏறக்குறைய 13,000. ஓடும் தூரம் கிட்டத்தட்ட 16 கி.மீ. இப்படி 884 சேலை நெய்து முடியும்போது, தறியைவிட்டு அகலாத அந்த நாடா பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான நேர்த்தூரத்தைக் கடந்திருக்கும். சேர்க்கைகளின் எண்ணிக்கையே தூரம் என்றால், அந்த நாடா அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டது என்றுகூட ஒரு தருக்கவாதி வம்புக்குச் சொல்லலாம்.

சமணர் இதையே தலைகீழாகப் பிடித்தனர். இடத்தின் மிகச் சிறிய கூறு பிரதேசம்; காலத்தின் மிகச் சிறிய கூறு சமயம்; ஓர் அணு ஒரு பிரதேசத்திலிருந்து அடுத்த பிரதேசத்துக்கு மெல்ல நகர எவ்வளவு பொழுது ஆகுமோ அதுவே ஒரு சமயம். நாழிகைவழி தூரத்தைக் காலத்தால் அளந்தது. சமணம் காலத்தைத் தூரத்தால் அளந்தது. இரண்டிலும் ஒன்றில்லாமல் மற்றொன்றைச் சொல்ல முடியவில்லை.

சைவ சித்தாந்தம் வைசேடிகரோடு முரண்படும் இடம் முக்கியமானது. சித்தாந்தத்தில் காலம் அழியாப் பொருள் அன்று. முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்றாக மாயையிலிருந்து தோன்றி மாயையில் ஒடுங்குவது. தானாக எதையும் அறியாத சடம். அது செய்யும் வேலை உயிரின் அனுபவத்துக்கு வரம்பு கட்டுவது. மனவாசகங்கடந்தார் செய்த உண்மை விளக்கம், இறந்த காலம் எல்லையையும் நிகழ்காலம் பயனையும் எதிர்காலம் புதுமையையும் தரும் என்று அதன் தொழிலை மூன்றாகப் பிரிக்கிறது. விடியாத வானில் அமர்ந்திருக்கும் பயணிக்கு இந்தப் பகுப்பு பொருந்தும் அளவுக்குக் கடிகாரம் பொருந்தாது. விட்டுவந்த ஊர் அவருக்கு முடிந்துபோன எல்லை. சேரப்போகும் ஊர் இனி வரும் புதுமை. இடையில் அவர் நுகர்வது எதுவோ அதுவே அவருடைய நிகழ்காலம், அதற்கு எந்த ஊரின் தேதியும் இல்லாவிட்டாலும். காலம் சிவனைக் கட்டுவதில்லை, உயிரையே கட்டுகிறது என்பதால், பிரதோஷ வேளை சிவனுக்காக ஏற்பட்டதன்று. காலத்துக்குள் வாழும் உயிருக்காக, அந்த உயிர் நிற்கும் நிலத்தின் அந்தியைக் கொண்டு ஏற்பட்டது. இதிலிருந்து விடைக்கு இன்னும் ஓர் அடிதான் பாக்கி.

அந்த அடியைச் சடங்கு நூல்களின் ஒரு பகுப்பு எடுத்து வைக்கிறது. கடமைகளை நித்தியம், நைமித்திகம், காமியம் என்று மூன்றாக வகுப்பர்: நாள்தோறும் செய்வது நித்தியம், பயனை விரும்பிச் செய்வது காமியம், ஒரு நிமித்தம், அதாவது காரணம், நேரும்போது மட்டும் செய்வது நைமித்திகம். கிரகணத்துக்கு உரிய முழுக்கும் தர்ப்பணமும் நைமித்திகம். கிரகணம் உலகில் எங்கோ நிகழ்வது மட்டும் நிமித்தம் ஆகாது, தன் ஊரில் தெரிந்தால்தான் ஆகும் என்பது வழக்கம். இங்கு தெரியாத கிரகணத்துக்குக் கோயில் நடை அடைக்க வேண்டியதில்லை என்று பஞ்சாங்கக்காரர்கள் சொல்வது அதனால்தான். வானில் நடப்பது ஒன்று, அது ஓர் ஊருக்கு வந்து சேர்வது இன்னொன்று என்ற வேறுபாட்டை இவ்வழக்கு மிகத் தெளிவாகக் காட்டுகிறது. பிரதோஷத்தையும் இதே தராசில் நிறுத்தலாம். திரயோதசி விமானத்திலும் இருந்தது. சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட கோணம் பார்ப்பவர் எங்கிருந்தாலும் ஒன்றே. அந்தி மட்டும் அங்கே வரவில்லை. நிமித்தத்தின் ஒரு பாதி நேரவில்லை என்றால் கடமை பிறக்கவில்லை. பிறக்காத கடமையை யாரும் தவறவிட முடியாது. மாலை ஆறு மணி ஆகிவிட்டதே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கலங்குபவர், பிரதோஷத்தை இந்திய நேரத்தின் சொத்தாக நினைத்துவிடுகிறார்.

அந்த இந்திய நேரமே பழையதன்று. 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இரயில்கள் ஓடியது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்திய மதராஸ் நேரத்தில். கிழக்கு 82½ பாகைக் கோட்டை வைத்து வகுத்த இன்றைய நேரத்தில் வெண்ணந்தூரின் உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. சூரியக் கணக்கில் அவ்வூர் சராசரியாகப் பதினேழு நிமிடத்துக்கும் சற்று மேல் பின்தங்கியிருக்கிறது. பஞ்சாங்கம் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவரை இந்தப் பதினேழு நிமிடம் என்னும் பேச்சுக்கே இடம் இல்லை. ஒவ்வோர் ஊருக்கும் அதன் உதயமே தொடக்கம்.

பொதுவானதையும் ஊருக்கு உரியதையும் தனித்தனியே வைத்துக்கொண்டு, இரண்டும் கூடும் இடத்தில் வேளையைக் குறிப்பது பஞ்சாங்க மரபின் உள்ளியல்பு. சாதகம் கணிப்பதிலும் இதைக் காணலாம். பிறந்த நேரத்தில் சந்திரன் நிற்கும் நட்சத்திரம் உலகம் முழுவதற்கும் ஒன்று. அந்த நேரத்தில் கீழ்வானில் எழும் இராசியாகிய இலக்கினம் பிறந்த ஊருக்கு மட்டும் உரியது. சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் சென்ற மயிற்பொறி சுடுகாட்டில் இறங்கிய பின்பே சீவகன் பிறக்கிறான். திருத்தக்கதேவர் அந்தப் பிறப்பைப் பறக்கும்போது நிகழ்த்தாமல் தரையில் நிகழ்த்தியதைக் கண்டு கணியர்கள் நிம்மதி அடைந்திருக்கலாம். மணிமேகலையின் வான்பயணத்துக்குச் சாத்தனார் தூரத்தையும் திசையையும் தருகிறார். புகாரிலிருந்து தெற்கே முப்பது யோசனை. காலத்தை அறியும் நிலையில் மணிமேகலை இல்லை. விழித்தெழும்போதுதான் தான் வேற்றுத் தீவில் கிடப்பதை உணர்கிறாள். அவளுக்கு அந்த முப்பது யோசனையும் ஒரு துயிலின் அகலம்தான்.

தேதிக்கோட்டின் இரு பக்கங்களிலும் சைவர்கள் வழிபடும் இடங்கள் இருப்பதால் இந்தப் பகுப்பை இன்றைய வாழ்விலும் சோதித்துப் பார்க்க முடிகிறது. பிஜித் தீவின் நாண்டி நகரில், கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்ற தென்னிந்தியரின் வழிவந்தோர் போற்றும் சிவசுப்பிரமணியர் கோயில் உள்ளது. ஹவாயின் கவாயி தீவில், சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970இல் நிறுவிய சைவ ஆதீனம் இருக்கிறது. நாண்டியிலிருந்து ஹவாயின் ஹொனலூலு சுமார் 5,100 கி.மீ.; ஆறு மணி நேரத்தை ஒட்டிய பயணம். நாண்டிக் கடிகாரம் ஹொனலூலுக் கடிகாரத்தைவிட 22 மணி நேரம் முந்தியது என்பதால், நாண்டியில் இரவு விமானம் ஏறுபவர் அதே தேதியின் காலையில் ஹவாயில் இறங்குவார். தைப்பூசத்தன்று நாண்டியில் காவடி பார்த்துவிட்டுப் புறப்படுபவர் இறங்கும்போது அங்கே இன்னும் அந்தத் தேதியின் பகல் முழுவதும் பாக்கி இருக்கும். அவர் மறுபடியும் தைப்பூசம் கொண்டாட வேண்டுமா? பூச நட்சத்திரம் அவருக்காகத் திரும்பி வரவில்லை. அது தன் போக்கில் ஆறு மணி நேரம் நகர்ந்திருக்கிறது. அவர் இறங்கிய ஊரின் பகலில் பூசம் இன்னும் நின்றால் அந்த ஊருக்குத் தைப்பூசம் உண்டு, அவரும் கும்பிடலாம். கழிந்துவிட்டிருந்தால் அங்கே முந்தைய தேதியிலேயே விழா முடிந்திருக்கும். திரும்பக் கிடைத்தது ஒரு தேதி மட்டும். சமோவா நாடு வணிகக் காரணங்களுக்காகக் கோட்டின் மறுபக்கம் தாவியபோது 2011 டிசம்பர் 30ஆம் தேதியே அந்நாட்டுக்கு இல்லாமல் போனது. நிலவில் அதனால் ஒரு மாற்றமும் இல்லை.

பிரதோஷத்தைக் கைவிட்டோம் என்று வருந்துபவர் சிலரே. பெற்றோரின் மறைவு வேறு வகை. அயல்நாட்டில் வேலை செய்யும் மகன் வந்து கொள்ளி வைக்கும்வரை உடலை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பது கொங்குநாட்டுச் சிற்றூர்களிலும் இன்று பழகிப்போன காட்சி. அந்த வீட்டில் தூரம் கிலோமீட்டரில் பேசப்படுவதில்லை. டிக்கெட் கிடைத்ததா, எத்தனை மணிக்கு இறங்குகிறான், பெங்களூரிலிருந்து கார் எப்போது வந்து சேரும் என்பவையே தூரம். நாழிகைவழி அங்கே தன் பழைய பொருளில் திரும்பி வந்து நிற்கிறது. நடப்பவருடைய காலுக்குப் பதிலாக உடல் தாங்கும் நேரம் அதற்கு அளவாகிறது.

சிக்கல் அதன் பின்னரே எழுகிறது. குளிர்காலத்தில் வெண்ணந்தூரில் திங்கட்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குத் தந்தையின் உயிர் பிரிந்தால், சான் பிரான்சிஸ்கோவில் அப்போது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி. தாய் திங்கள் என்பார். தொலைபேசியை எடுத்த மகனின் நினைவில் அது என்றைக்கும் ஞாயிறு. ஆண்டுதோறும் நினைவுநாளை ஆங்கிலத் தேதியால் கடைப்பிடிக்கும் குடும்பத்தில் இந்த வேறுபாட்டைத் தீர்க்க வழியில்லை. யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். திதியால் கடைப்பிடிக்கும் குடும்பத்தில் வேறுபாடே இல்லை. உயிர் பிரிந்த நொடியில் தசமி நடந்துகொண்டிருந்தால் வெண்ணந்தூரிலும் தசமி, சான் பிரான்சிஸ்கோவிலும் தசமி.

அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே பட்சத்துத் தசமி வரும்போது, யார் எந்த ஊரிலிருந்து திவசம் கொடுக்கிறாரோ அந்த ஊரின் பிற்பகலில் திதி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்; சிராத்தத்துக்கு உரிய வேளை அதுவே. இந்தக் கட்டத்தில்தான் தவறு நேர்கிறது. ஊரிலிருந்து எடுத்துச் சென்று அமெரிக்க வீட்டின் சமையலறையில் மாட்டிய சிவகாசித் தினசரிக் காலண்டரின் ஏட்டில், தசமி எத்தனை மணி வரை என்று இந்திய நேரத்திலேயே அச்சாகியிருக்கும். அதைக் கழிக்காமல் அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். குளிர்காலமானால் பதின்மூன்றரை மணி நேரமும், அங்கே கடிகாரத்தை முன்தள்ளும் கோடைக்காலமானால் பன்னிரண்டரை மணி நேரமும் கழித்துப் பார்க்க வேண்டும். வெண்ணந்தூர் வீட்டில் பிற்பகல் ஒன்றரை மணிக்குப் படையல் முடிந்து காக்கைக்குச் சோறு வைக்கும்போது மகன் இருக்கும் ஊரில் நள்ளிரவு. கழிந்துபோன பகலின் பிற்பகலிலேயே அவன் திவசம் கொடுத்திருக்க வேண்டுமா, வரப்போகும் பிற்பகல் வரை இன்னும் பதின்மூன்றரை மணி நேரம் தசமி நிற்குமா என்பதை, காலண்டரில் அன்றைய ஏட்டைக் கிழிப்பதற்கு முன் அவன் கணக்குப் போட்டுப் பார்த்தாக வேண்டும்.